சீட்டு மேஜையில் சட்டைக்கு என்ன வேலை?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் போன் செய்து, "இந்த வருஷம் நீ பேசணும்ப்பா, தலைப்பு என்ன போடட்டும்?" என்று கேட்டார். "சீட்டாட்டம்" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பசங்க எல்லாம் இருப்பாங்களேப்பா, கான்கிரீட் பத்தி ஏதாவது பேசேன்" என்றார். கான்கிரீட் பற்றிப் பேசினால் பசங்க இருக்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். அப்படியும் அழைப்பிதழில் "அனுபவப் பகிர்வு" என்று பொதுவாகப் போட்டுவிட்டார்.

இன்று காலை இதே வேட்டி சட்டையில்தான் வந்தேன். வாசலில் நின்ற மாணவத் தம்பி ஒருவர் என்னைப் பார்த்ததும், "சமையல் காண்ட்ராக்டா? பின்பக்கமாப் போங்கண்ணே" என்றார். சரி என்று பின்பக்கம் போய், சூடாக ஒரு வடை சாப்பிட்டுவிட்டு முன்பக்கம் வந்தேன். அந்தத் தம்பி மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. வடைக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். அவர் ஒரே நொடியில் போட்ட கணக்கைத்தான் நான் 2013-ல் ஒரு சீட்டு மேஜையில் போட்டேன். எனக்கு அந்தக் கணக்குக்கு இருபதாயிரம் ரூபாய் ஆயிற்று.

என் ஊர் காடாம்புலியூர். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவே. முந்திரித் தோப்பும் பலாவும் செம்மண்ணும்தான் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் பலாப்பழ வியாபாரிகள் பழத்தின் தோலைப் பார்த்து விலை சொல்ல மாட்டார்கள். விரலால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். பார்த்தும் பிரயோஜனமில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் அப்பா தையற்காரர். கடைத்தெருவில் ஒரு கால்மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரில் ஒரு சாமி காலண்டர். அவ்வளவுதான் கடை. நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை பார்க்கிற குடும்பங்களுக்கு ஜூன் மாதத்தில் பள்ளிக்கூட யூனிபார்ம், ஐப்பசியில் தீபாவளித் துணி. ஊருக்கே சட்டை தைத்த மனிதர் போட்டிருக்கிற சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் இருக்காது. கேட்டால், "எனக்கு யாருடா இண்டர்வியூ வெக்கப் போறா?" என்பார். நான் 2010-ல் இந்தக் கல்லூரியில் வளாகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை அவர் தைத்ததுதான். டை மட்டும் அறை நண்பனுடையது. அதே டை அன்று ஐந்து பேர் கழுத்தில் ஏறி இறங்கியது. அந்த ஐந்து பேரில் மூன்று பேர் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். டைக்குச் சொந்தக்காரன்தான் வரவில்லை.

வேலை கிடைத்தது. கார்வார் பக்கம் பாலம் கட்டுகிற வேலைக்கு அனுப்பினார்கள். கோவா அங்கிருந்து பக்கம். மூன்று வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை, உடன் வேலை பார்த்தவர்கள் பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கிற சூதாட்டக் கப்பல் ஒன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோவாவில் அது சட்டப்படி நடக்கிற விஷயம். அங்கேதான் போக்கர் மேஜையில் உட்கார்ந்தேன். ஹாஸ்டலில் காசில்லாமல் ஆடிப் பழகியிருந்ததால் ஆட்டம் தெரியும் என்ற தைரியம். (ஹாஸ்டல் வார்டன் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். காசில்லாமல் என்பதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.)

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. மேஜை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், சமமாகப் போட்டுத் தொடரலாம், ஏற்றலாம், அல்லது சீட்டை மடித்து ஒதுங்கிவிடலாம். கடைசியில் நல்ல சீட்டு வைத்திருப்பவர் ஜெயிப்பார். இல்லையென்றால் மற்ற எல்லாரும் மடித்துவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவரும் ஜெயிப்பார். இந்த இரண்டாவது வழிதான் போக்கரின் உயிர். நம் ஊர் ரம்மியில் சீட்டு சேராமல் டிக்ளேர் பண்ண முடியாது. போக்கரில் கையில் ஒன்றும் சேராமலேயே பானையைத் தூக்கிக்கொண்டு போகலாம், எதிரில் இருப்பவன் நம்பினால் போதும். அவன் நம்புவதற்கு அவனிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? முதல் அரைமணி நேரத்தில் அவனுக்கு உன் ஆட்டம் தெரியாது. சட்டைதான் தெரியும்.

என் எதிரில் ஒரு பெரியவர். அறுபது வயது இருக்கும். அரைக்கை வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. அச்சு அசல் என் எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். "தம்பி தமிழா? எந்த ஊரு?" என்றார். "பண்ருட்டி பக்கம்ங்க." "அட, பலாப்பழத்து ஊரு!" என்று சிரித்தார். மனசு நிறைந்துபோயிற்று. அவருக்குப் பக்கத்தில் ஒரு பையன். தலையை மூடிய ஹூடி, கறுப்புக் கண்ணாடி, வாயில் சூயிங்கம். யாரோடும் பேசவில்லை. நான் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே இரண்டு பேருக்கும் மார்க் போட்டுவிட்டேன். பெரியவர், கையில் சீட்டு இருந்தால் மட்டும் காசு போடுகிறவர். பையன், டிவியில் பார்த்துவிட்டு வந்து புருடா விடுகிறவன்.

என்னிடம் ராஜா ஜோடி வந்தது. நல்ல சீட்டு. பந்தயம் ஏற்றினேன். பெரியவர் மட்டும் தொடர்ந்தார். பொதுச் சீட்டு மூன்றைத் திறந்ததில் ஒரு ஏஸ் விழுந்தது. ஏஸ் வைத்திருப்பவன் ராஜா ஜோடியை அடித்துவிடுவான் என்பது தெரியும் அல்லவா? பெரியவர் மெதுவாகக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சீட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, பெரிய தொகையாகத் தள்ளினார். விபூதி பூசிய கணக்கு வாத்தியார் பொய் சொல்வாரா? மடித்துவிட்டேன். நாலாயிரம் போயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து எனக்குப் பத்தும் ஒன்பதும் வந்தது. பொதுச் சீட்டில் பத்து, ஒன்பது, நாலு. எனக்கு இரண்டு ஜோடி. ஹூடிப் பையன் காசை வாரிப் போட்டான். அடுத்து ராணி வந்தது, மறுபடி போட்டான். கடைசியில் ரெண்டு. இப்போது மொத்தத்தையும் தள்ளிவிட்டான். கறுப்புக் கண்ணாடிக்குள் அவன் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவ்வளவு வேஷம் போடுகிறவன் கையில் என்ன இருக்கப் போகிறது என்று மிச்சமிருந்த பதினாறாயிரத்தையும் வைத்தேன். பையன் இரண்டு நாலைத் திருப்பிப் போட்டான். பொதுவில் இருந்த நாலோடு சேர்த்து மூன்று நாலு. என் இரண்டு ஜோடி செத்தது.

கப்பலின் மேல்தளத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். பெரியவரும் வந்தார், பையனும் வந்தான். பையன் நல்ல மரியாதையான பிள்ளை. சிஏ கடைசிப் பரீட்சைக்குப் படிக்கிறவனாம். "சாரி அண்ணா" என்று வேறு சொன்னான். ஹூடி எதுக்குப்பா என்று கேட்டேன். "நான் உட்கார்ந்த சீட்டுக்கு நேர் மேலதான் ஏசி, தாங்க முடியல." கண்ணாடி? "மெட்ராஸ் ஐ அண்ணா."

பெரியவரிடம் ராஜா ஜோடியை மடித்த கதையைச் சொன்னேன். அவர் கையில் அப்போது இருந்தது ஏழும் எட்டுமாம். ஏஸும் கிடையாது, ஒன்றும் கிடையாது. "ஐயா, அப்ப இந்தச் சட்டை, விபூதி எல்லாம் வேஷமா?" என்று கேட்டுவிட்டேன், வயிற்றெரிச்சலில். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வேஷம் இல்ல தம்பி. எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்க இப்படித்தான். ஆனா இதைப் பார்த்தா நீங்க என்ன நெனப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அது தெரிஞ்சா போதும், வேஷம் எதுக்கு?" என்றார்.

அந்த இருபதாயிரம் என்ன பணம் என்று இதுவரை நான் சொல்லவில்லை. என் தங்கை அப்போது இதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அவள் செமஸ்டர் ஃபீஸுக்காக எடுத்து வைத்திருந்த பணம் அது. திங்கட்கிழமை அனுப்புவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தேன். போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் ஊருக்கு வந்து இறங்கும்போது எனக்கும் மெட்ராஸ் ஐ. பணத்தோடு அதையும் அந்த மேஜையில்தான் வாங்கி வந்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "பாத்தியா, நம்ம டெய்லர் பையன் கோவாவுல பெரிய ஆளாயிட்டான்" என்கிறார். பாக்கெட்டில் அறுபது ரூபாய் இருந்தது.

கடையில் அப்பா மட்டும் இருந்தார். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, துணி குவிந்து கிடந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பெரியவர் சட்டை காலர் எப்படி இருந்துச்சு?"

"வெள்ளைச் சட்டைப்பா. அரைக்கை."

"அது கலரு. நான் காலரைக் கேக்குறேன். மடிப்புல தேஞ்சிருந்துச்சா? ரெடிமேடா, தச்சதா? பொத்தான் எல்லாம் ஒரே நூல்ல இருந்துச்சா, இல்ல ஒண்ணு மட்டும் வேற நூலா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தவன்.

"சட்டையைப் பார்த்து ஏமாந்தேன்னு சொல்ற. நீ எங்கடா சட்டையைப் பார்த்தே? உங்க வாத்தியாரையில்ல பாத்திருக்கே" என்றார். அப்புறம் மறுபடி மிஷின் ஓட ஆரம்பித்தது. ஃபீஸ் கட்டினார். எப்படிக் கட்டினார் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க ராத்திரி ஒரு மணி வரை கடையில் விளக்கு எரிந்தது என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அடுத்த மூன்று மாதச் சம்பளத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாதத் தூக்கத்தை எந்தச் சம்பளத்தில் கொடுப்பது?

அப்பா சொன்னதுதான் என்னைப் புத்தகங்களைத் தேடிப் படிக்க வைத்தது. ஆடுவதற்காக அல்ல, அன்றோடு ஆட்டம் முடிந்தது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறி. படித்ததில் இரண்டு ஆராய்ச்சிகளை மட்டும் சொல்கிறேன்.

நளினி அம்பாடி என்று ஒரு உளவியல் பேராசிரியை. இந்தியாவில் பிறந்தவர், ஹார்வர்டிலும் பின்னர் ஸ்டான்ஃபோர்டிலும் பாடம் நடத்தியவர், 2013-ல் ரத்தப் புற்றுநோயால் காலமானார். 1993-ல் அவரும் ராபர்ட் ரோசெந்தாலும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆசிரியர்கள் பாடம் நடத்துகிற வீடியோவில் சில நொடித் துண்டுகளை, சத்தமில்லாமல், அவர்களைத் தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டி மார்க் போடச் சொன்னார்கள். அந்த மார்க்கும், செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து கேட்ட மாணவர்கள் போட்ட மார்க்கும் பெருமளவு ஒத்துப்போயின. பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும், முதல் நாள் நீங்கள் கரும்பலகையை நோக்கி நடக்கும்போதே நாங்கள் முடிவு செய்துவிடுகிறோம்.

அப்படியானால் முதல் பார்வை சரிதானே என்று தோன்றும். அதே நளினி அம்பாடியும் மைக்கேல் ஸ்லெபியன் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2013-ல் போக்கரை எடுத்துக்கொண்டார்கள். 2009 உலகப் போக்கர் தொடரின் வீடியோவிலிருந்து ஆட்டக்காரர்கள் காசு தள்ளுகிற காட்சிகளைப் பிரித்து, சிலருக்கு முகத்தை மட்டும், சிலருக்குக் கையை மட்டும் காட்டி, இவர் வைத்திருப்பது நல்ல சீட்டா கெட்ட சீட்டா என்று கேட்டார்கள். முகத்தைப் பார்த்தவர்களின் ஊகம், காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட மோசமாக இருந்தது. கையைப் பார்த்தவர்கள் பரவாயில்லாமல் சொன்னார்கள். முகத்தை அடக்கத் தெரிந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கை காசைத் தள்ளுகிற விதத்தை அடக்கத் தெரியவில்லை. எங்கே வேஷம் போட்டிருக்கிறதோ அங்கேதான் நாமும் உற்றுப் பார்க்கிறோம், அதனால்தான் குருட்டு ஊகத்தைவிட மோசமாகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று 2010-ல் எரிக் ஷ்லிக்ட் குழுவினர் செய்தது. சுலபமாக்கிய போக்கர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஆட வைத்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிராளியாக வேறு வேறு முகப் படத்தைக் காட்டினார்கள். நம்பிக்கை தருகிற முகம் எதிரில் இருக்கும்போது ஆடியவர்கள் அதிக நேரம் யோசித்தார்கள், அதிகத் தப்பு செய்தார்கள், மடிக்கக் கூடாத சீட்டை மடித்தார்கள். முறைக்கிற முகத்தைவிடச் சிரித்த முகம் பெரிய ஆயுதம். இதைப் படித்த அன்று மாண்டவிப் பெரியவரின் "அட, பலாப்பழத்து ஊரு" காதில் கேட்டது.

போக்கர் உலகத்தில் இதையெல்லாம் ஆராய்ச்சி இல்லாமலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். 2000-ல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை ஜெயித்த கிறிஸ் ஃபெர்கூசன் நீளமான தலைமுடி, தாடி, பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி என்று சினிமா வில்லன் மாதிரி இருப்பார். உண்மையில் அவர் கலிஃபோர்னியாவில் கணினி அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், மேஜையில் போட்டதெல்லாம் கணக்கு. 2003-ல் ஜெயித்த கிறிஸ் மணிமேக்கர் ஒரு சாதாரணக் கணக்காளர். அவருடைய சாதாரணத் தோற்றத்தைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் "இவரால் முடிந்தால் நம்மாலும் முடியும்" என்று உள்ளே விழுந்தார்கள். அது யாரும் திட்டமிட்டுப் போடாத வேஷம், ஆனால் அதைவிடப் பெரிதாக யாரையும் எந்த வேஷமும் இழுத்ததில்லை. 2004-ல் ஜெயித்த கிரெக் ரேமர் பல்லிக் கண் வரைந்த கண்ணாடி போட்டு உட்கார்ந்தார். எதிரில் இருப்பவன் சீட்டைப் பார்ப்பானா பல்லியைப் பார்ப்பானா?

சதுரங்கத்தில் எல்லாக் காயும் வெளிப்படையாக இருக்கிறதே, அங்கே சட்டைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1959-ல் யுகோஸ்லாவியாவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில், மிகயீல் தாலின் முறைப்புக்குப் பயந்து பால் பென்கோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பதிலுக்குத் தால், பெட்ரோசியனிடம் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அரங்கமே சிரித்தது. 1978-ல் பாகியோவில் கார்ச்னாய், கார்ப்போவ் எதிரில் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கிற கூலிங் கிளாஸ் போட்டு ஆடினார். கார்ப்போவ் நிமிர்ந்து பார்த்தால் அவர் முகமே அவருக்குத் தெரியும். (கார்ப்போவ்தான் ஜெயித்தார், ஆறுக்கு ஐந்து.) 2024 டிசம்பரில் நியூயார்க்கில் கார்ல்சன் ஜீன்ஸ் போட்டு வந்ததற்கு 200 டாலர் அபராதம் போட்டு, மாற்றிக்கொண்டு வரச் சொல்ல, அவர் விலகியே போய்விட்டார். அந்தப் பஞ்சாயத்தில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் என்ற முறையில் நம் விஸ்வநாதன் ஆனந்தும் மாட்டிக்கொண்டார். பிறகு விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், கார்ல்சன் திரும்பி வந்து பிளிட்ஸ் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஜீன்ஸ் ஏலத்தில் 36,000 டாலருக்கு மேல் போயிற்று. அப்பாவிடம் சொன்னேன். "எவ்வளவு துணி வெச்சிருந்தாங்களாம்?" என்றார்.

நம்ம சென்னைப் பிள்ளை பிரக்ஞானந்தா எந்த நாட்டுக்குப் போனாலும் நெற்றியில் விபூதியோடுதான் உட்காருகிறார். அவர் யாரையும் ஏமாற்றுவதற்காக அதைப் பூசவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பதினாறு வயதில், 2022-ல் ஒரு ஆன்லைன் போட்டியில், கார்ல்சனையே தோற்கடித்தவர் அவர். அந்த விபூதியையும் சாந்தமான முகத்தையும் பார்த்து "சாதுப் பிள்ளை" என்று இன்னும் ஏமாறுகிறவர்கள் ஆட்டக்காரர்களில் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மாண்டவிப் பெரியவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்குப் புது ஆள் கிடைப்பான்.

என் தொழிலுக்கு வருகிறேன், சிவில் துறைத் தம்பிகள் தூங்கிவிடாமல். மேல் மண்ணைப் பார்த்து யாராவது அஸ்திவாரம் போடுவோமா? துளை போட்டு, 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுகிறோம். ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் எண்ணுகிறோம். நெய்வேலியில் மேலே பார்த்தால் வெயிலில் வெடித்த செம்மண். நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் பம்ப் ஓடவில்லையென்றால் சுரங்கத் தரையே பிளந்துவிடும். இதையெல்லாம் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதிவிட்டுப் போன நான், எதிரில் உட்கார்ந்த மனிதருக்கு ஒரு துளைகூடப் போடவில்லை. பெரியவர் எத்தனை தரம் ஏற்றினார், எத்தனை தரம் சீட்டைக் காட்டாமலே ஜெயித்தார் என்று எண்ணியிருந்தால் ராஜா ஜோடியை மடித்திருக்க மாட்டேன். முதல் பார்வையில் ஒரு அனுமானம் வருவதை யாராலும் தடுக்க முடியாது. அடுத்தடுத்து வருகிற அளவீடுகளை வைத்து அதை நான் திருத்தவே இல்லை, அதுதான் கோளாறு.

சட்டை பேச்சு வந்தால் வேட்டியைச் சொல்லாமல் விட முடியாது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக, உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. சட்டசபையில் பெரிய விவாதம். அடுத்த மாதமே பொது இடங்களில் உடைக் கட்டுப்பாட்டை நீக்குகிற சட்டம் வந்தது. வேட்டியைக் காரணம் காட்டி உள்ளே விட மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். (வாசலில் நின்ற தம்பி பயப்பட வேண்டாம். வடை கொடுத்துவிட்டதால் வழக்கு இல்லை.) வாசலைத் திறக்கச் சட்டம் போடலாம். வாசலில் நிற்பவர் மனசுக்குள் போடுகிற மார்க்குக்கு எந்தச் சட்டசபை சட்டம் போடும்?

இப்போது நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். நான் வேலை பார்க்கிற இடத்தில் புதுப் பொறியாளர்களைத் தேர்வு செய்கிற குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பையன் வந்தான். சட்டை கசங்கி, கைமடிப்பில் ஒரு கறை, காலில் செருப்பு. கூட இருந்தவர் என்னைப் பார்த்துக் கண் காட்டினார். நானும் உள்ளுக்குள் மடித்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடலாம் என்று பேனாவை மூடிய நேரத்தில் அவன் காகிதத்தை எடுத்து வைத்தான். அப்போதுதான் சட்டையைப் பார்த்தேன். நிஜமாகப் பார்த்தேன். காலர் திருப்பித் தைத்தது. தேய்ந்துபோன காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைப்பார்கள், பழைய ஆட்கள்தான் செய்வார்கள். தையல் எங்கப்பா தையல் மாதிரி நேர்க்கோடாக இருந்தது. வீட்டில் யாரோ ஒருவர் இந்தப் பையனுக்காக அந்த வேலையை உட்கார்ந்து செய்திருக்கிறார். "எதுல வந்தீங்க தம்பி?" என்று கேட்டேன். விருத்தாசலத்திலிருந்து ராத்திரி முழுக்க அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டு வந்திருக்கிறான். ஷூவை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பேனாவைத் திறந்தேன். உத்திரம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னோம். அன்று வந்த பதினாறு பேரில் அவன்தான் வெட்டுவிசையைச் சரிபார்க்க மறக்காதவன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எழுதிய தாள் முதலில் உள்ளே வரும். அதற்கு மார்க் போட்ட பிறகுதான் ஆள் உள்ளே வருவார். இதனால் தப்பே நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். போன வருஷம் நல்ல கோட்டும் நல்ல தாளுமாக வந்த ஒருவர் மூன்றே மாதத்தில் எங்களை அழ வைத்துவிட்டுப் போனார்.

இங்கே உட்கார்ந்திருக்கிற இறுதியாண்டுத் தம்பி தங்கைகள், "அப்ப நாங்க இண்டர்வியூவுக்கு எப்படி வேணா வரலாமா?" என்று கேட்பீர்கள். வராதீர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் தையற்காரர் மகன் ஒருவன் உட்கார்ந்திருப்பான் என்று என்ன நிச்சயம்? இஸ்திரி போட்ட சட்டையில் வாருங்கள். டை இல்லையென்றால் அறை நண்பனிடம் கேளுங்கள், இந்தக் கல்லூரியில் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும், போன தடவை ஒரு தம்பி காதோடு கேட்டார்: "சார், போன்ல ஆடலாமா?" ரம்மி திறமை ஆட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருக்கிறது, அது வேறு. பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அதற்கு முன்பே நம் தமிழ்நாட்டில் அதில் பணத்தையும் உயிரையும் விட்ட குடும்பங்களின் செய்தி வாராவாரம் பேப்பரில் வந்தது உங்களுக்குத் தெரியும். மாண்டவிக் கப்பலிலாவது எனக்கு எதிரில் ஒரு சட்டை இருந்தது, பார்க்கத் தெரியாதது என் தப்பு. போன் திரையில் காலர் இல்லை, கை இல்லை, காசு தள்ளுகிற விதம் இல்லை. பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஆள் இருக்கிறானா மிஷின் இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. அங்கே நான் ஆடியிருந்தால் இருபதாயிரத்தோடு நின்றிருக்காது.

அப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை, கடையை மூடிவிட்டார். இன்று நான் போட்டிருக்கிற இந்தச் சட்டை அவர் கடைசியாகத் தைத்த சில சட்டைகளில் ஒன்று. மூன்றாவது பொத்தான் மட்டும் வேற நூல், கிட்டே வந்து பார்த்தால் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நல்லவேளை, ஒரே சீட்டுதான். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அந்த செமஸ்டர் ஃபீஸ் கதை என் தங்கைக்கு இன்றுவரை தெரியாது. அவளும் இந்தக் கல்லூரியின் முன்னாள் மாணவி என்பதால் குடும்பத்தோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தைப் பார்த்து எதுவும் முடிவு செய்யக் கூடாது என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். ஆனாலும் அவள் முறைக்கிற முறைப்பைப் பார்த்தால், நான் மேடையின் பின்பக்கமாக இறங்கிச் சமையல் கட்டு வழியாகப் போவதுதான் நல்லது என்று படுகிறது. வழி எனக்குத் தெரியும்.